இருமுடித் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறலாமா?

2 நவம்பர் 2024, மாலை: மலேசியாவில், பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலிலிருந்து வந்த கேள்வி

“அண்ணே, ஐயப்பன் மலைக்கு எனக்கு இதுதான் முதல் வருடம், கன்னிச்சாமி. ஜனவரியில் பயணம். இருமுடித் தேங்காயை விமானத்தில் கையிலேயே கொண்டுபோகலாம் என்று இந்திய மந்திரி அறிவித்துவிட்டாராம், வாட்ஸாப்பில் சுற்றுகிறது. அப்படியென்றால் பினாங்கிலேயே கட்டு நிறைத்து, தலையில் வைத்தபடி பாயான் லெபாஸ் விமான நிலையத்தில் ஏறிவிடலாம்தானே? தேங்காய், அப்பா நட்ட மரத்துக் காய். அதனால்தான் கேட்கிறேன்.”

2 நவம்பர் 2024, இரவு

ஏற முடியாது. செய்தி உண்மைதான், ஆனால் அது நமக்குச் சொன்னதில்லை.

இந்தியாவில் முழுத் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோக வழக்கமாக விடுவதில்லை. சபரிமலை சீசனுக்காக மட்டும் அந்தத் தடையைத் தளர்த்தியிருக்கிறார்கள். 2022இல் ஒரு தடவை செய்தார்கள், இப்போது அக்டோபர் கடைசியில் மறுபடியும் அறிவித்திருக்கிறார்கள். 2025 ஜனவரி 20 வரை செல்லும். அப்போதும் சும்மா விடமாட்டார்கள். எக்ஸ்ரே, வெடிமருந்துத் தடயம் பார்க்கும் கருவி, அப்புறம் கையால் ஒரு சோதனை, மூன்றும் உண்டு.

ஆனால் அது இந்திய விமான நிலையங்களில் சோதனை செய்கிறவர்களுக்குப் போட்ட உத்தரவு. பாயான் லெபாஸில் சோதனைக் கருவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு அந்த மந்திரி யாரோ. எந்த நிலையத்தில் ஏறுகிறோமோ அந்த ஊர் சட்டம். நடுவில் இறங்கி மாறினால் அங்கே மறுபடியும் முதலிலிருந்து.

தேங்காயைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள், முடிந்தது.

3 நவம்பர் 2024, காலை

“முடிந்தது” என்று எழுதிவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. முடியவில்லை.

என்ன தேங்காய் என்று கேட்க மறந்துவிட்டேன். பச்சைத் தேங்காய் வேறு, கொப்பரை வேறு. கொப்பரை ஆபத்தான பொருள் பட்டியலிலேயே இருக்கிறது, ஐநா எண் 1363, வகுப்பு 4.2. தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் பொருள்களுக்கான வகுப்பு அது. எண்ணெய்ச் சத்து நிறைந்த காய்ந்த பருப்பைக் குவித்து மூட்டைக்கட்டினால், காற்றுப் பட்டு உள்ளேயே மெல்லச் சூடு ஏறும். பழைய காலத்துக் கப்பல்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இந்தியாவில் விமானம் ஏறுகிறவர்கள் செக்-இன் பெட்டியில் கொப்பரை வைத்து மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. பாட்டி எண்ணெய் ஆட்டக் கொடுத்தது என்று நாம் நினைப்போம், அவர்கள் கண்ணுக்கு அது எரிபொருள்.

பச்சைத் தேங்காய்க்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் நெய்த் தேங்காய் என்றால் கண்ணைத் துளைத்து நீரை வடித்து நெய் நிரப்பியது. கையில் கொண்டுபோனால் அது தேங்காய்க் கணக்கில் வராது, நெய்க் கணக்கில் வரும். அதை அப்புறம் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிறது.

3 நவம்பர் 2024, பகல் சாப்பாட்டு நேரம்

ஒருவர் கேட்டிருக்கிறார்: “தீபாவளி மத்தாப்பு மிச்சம் இருக்கிறது, கம்பி மத்தாப்புதான், ஊரில் அக்கா பிள்ளைகளுக்குப் பெட்டியில் போடலாமா?”

கூடாது. கையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது, கம்பி மத்தாப்பும் கூடாது. அக்கா ஊர் சிவகாசிக்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். கொல்லத் தெருவில் போய் ஊசி விற்காதீர்கள்.

5 நவம்பர் 2024

நிபோங் திபால் தம்பி பட்டியல் அனுப்பியிருக்கிறார். முன்முடியில் நெய்த் தேங்காய், விபூதி, மஞ்சள் தூள், வெற்றிலை பாக்கு, பன்னீர், அவல், பொரி, வெல்லம், வாவர் சாமிக்கு மிளகு, ஊதுபத்தி, சூடம். பின்முடியில் அரிசியும் தன் சாப்பாட்டுக்கானதும்.

தேங்காய் என்று தலைப்புப் போட்டு நாலு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பட்டியலைப் பார்த்ததும்தான் தெரிந்தது, ஆபத்து கடைசி வார்த்தையில் இருக்கிறது. சூடம்.

கற்பூரம் எரியும் திடப்பொருள். வகுப்பு 4.1, ஐநா எண் 2717. ஒரு கட்டியாக இருந்தாலும் சரி, கால் கிலோவாக இருந்தாலும் சரி, பயணப் பெட்டிக்குள் அதற்கு இடமில்லை. கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நாலு நாள் கழித்து வந்து பாருங்கள், இளைத்திருக்கும். உருகாமல் நேரே ஆவியாகப் போகிற சாதி அது. மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி எங்கே போகும்? பெட்டிக்குள்தான் சுற்றும்.

சாமி காரியத்துக்கு என்று கெஞ்சினாலும் இதில் நடக்காது. நான் பதினெட்டு வருடமாக ஊருக்குப் போய்வருகிறேன், ஒரு சூடக்கட்டிகூட என் பெட்டியில் ஏறியதில்லை. ஆயிரம் சொன்னாலும் போகிற ஊரில் சூடத்துக்குப் பஞ்சமா?

9 நவம்பர் 2024

நெய்க் கதை. சொன்னேனே.

கையில் கொண்டுபோகும் எந்தத் திரவமும், கூழும், பசையும் ஒரு குப்பி 100 மில்லிக்குள் இருக்க வேண்டும். எல்லாக் குப்பிகளும் சேர்ந்து ஒரு லிட்டர் பிடிக்கும், உள்ளே இருப்பது தெரிகிற ஒரே பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிய வெடிதிரவத்தால் தகர்க்கப் போட்ட சதி பிடிபட்டது, அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. நெய் உறைந்திருக்கிறதே, திரவமில்லையே என்று வாதாடாதீர்கள். நம் ஊர் வெயிலில் எந்த நெய் உறைந்திருக்கிறது?

அளவு குப்பிக்குத்தான், உள்ளே இருக்கும் பொருளுக்கில்லை. 200 மில்லி குப்பியில் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பத்து மில்லி தைலத்தையும் எடுத்துவிடுவார்கள். பினாங்கு வந்து ஜாதிக்காய்த் தைலம் வாங்கிப் போகிற உறவுக்காரர்களிடம் இதை நான் சொல்லாத நாளில்லை.

என் அம்மா கதை ஒன்று. அம்மா ஊரிலிருந்து திரும்பும்போது நார்த்தங்காய் ஊறுகாயைக் கைப்பையில் வைத்திருந்தார்கள், அரைக்கிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலில். கோலாலம்பூரில் இறங்கி பினாங்கு விமானத்துக்கு மாறுகிற வழியில் மறுபடி சோதனை. சோதனைக்காரம்மா பாட்டிலைத் தூக்கி, “செச்சாயிர்” என்றார். மலாயில் திரவம். அம்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும், தோட்டத்தில் பிறந்தவர்கள். “இது காயம்மா, காய்! எங்கே தண்ணீர்?” என்று பாட்டிலைச் சாய்த்துக் காட்டினார்கள். சாய்த்ததும் எண்ணெய் மெல்ல ஒரு பக்கமாக ஓடியது. அம்மாவே பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் பாட்டிலை மேசைமேல் வைத்தார்கள். வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. மறுநாள் காலையில், “உப்பு நார்த்தங்காயாகப் போட்டிருக்கணும்” என்றார்கள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஊறுகாய் என்றால் இரண்டு பிளாஸ்டிக் பை, அதன்மேல் துண்டு, செக்-இன் பெட்டியின் நட்டநடு.

16 நவம்பர் 2024, கார்த்திகை 1

நிபோங் திபால் தம்பி இன்று ஐயப்ப மாலை போட்டுக்கொண்டார். இனி தம்பி இல்லை, சாமி.

சாமி கேட்கிறார்: “தீப்பெட்டி?”

உலகப் பொது விதிப்படி ஒரு சிறிய தீப்பெட்டியோ ஒரு லைட்டரோ உடம்போடு, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. கேட்கிறவர்களுக்கு இது கோமாளித்தனமாகத் தெரியும். யோசித்தால் சரிதான், சட்டைப் பையில் பற்றினால் முதலில் தெரிவது உங்களுக்குத்தான். ஆனால் இந்திய நிலையங்களில் ஏறும்போது அதுவும் கிடையாது. ஆகவே விட்டுவிடுங்கள்.

பட்டர்வொர்த் அத்தை ஒருவர் பேட்டரி போட்ட அணையா விளக்கைப் பெட்டியில் வைத்தாராம், ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லமாட்டார்கள். சாதாரண பென்சில் பேட்டரி, பொருளுக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. போகிற வழியில் தானாக எரியாமல் அணைத்து வைத்தால் போதும். நிஜத் தீபத்துக்குத் தடை, போலித் தீபத்துக்கு விசா.

21 நவம்பர் 2024

இதை ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். தேங்காயில் மூழ்கிவிட்டேன்.

பவர் பேங்க். இது நான் வயிறு வளர்க்கிற துறைக்குப் பக்கத்து வீடு. பாயான் லெபாஸ் தொழிற்பேட்டையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு, இருபத்தாறு வருடம்.

மற்ற எல்லாவற்றுக்கும் “சந்தேகமா, பெட்டியில் போடு” என்கிறோம். லித்தியம் பேட்டரிக்கு நேர் எதிர். தனியாக இருக்கும் பேட்டரியும் பவர் பேங்கும் செக்-இன் பெட்டிக்குள் போகவே கூடாது, கையில்தான். கணக்கு எளிது: மில்லி ஆம்பியர் எண்ணை 1000ஆல் வகுத்து 3.7ஆல் பெருக்குங்கள், வாட் அவர் வரும். 20,000 என்றால் 74. 26,800 என்றால் 99 சொச்சம், அதனால்தான் கடையில் அந்த விநோத எண் இருக்கிறது. 100 வரை யாரையும் கேட்க வேண்டாம். 100க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தைக் கேட்டு, இரண்டே இரண்டு. 160க்கு மேல் பயணி கொண்டுபோகவே முடியாது. ஆன்லைனில் 50,000 என்று எழுதி முப்பது ரிங்கிட்டுக்கு விற்கிறானே, அது பொய்யென்றால் பணம் போச்சு, உண்மையென்றால் 185 வாட் அவர், பவர் பேங்கே போச்சு.

ஏன் கையில்? செல்லுக்குள் இரண்டு முனைகளைப் பிரிக்க முடியை விட மெல்லிய ஒரு படலம்தான் இருக்கிறது. நசுங்கினாலோ, தூசித் துகள் போல ஏதாவது உள்ளே அகப்பட்டிருந்தாலோ அந்தப் படலம் கிழியும். சூடு வேதிவினையைத் தூண்டும், வேதிவினை இன்னும் சூட்டைத் தரும், பக்கத்துச் செல்லும் சேர்ந்துகொள்ளும். சரக்கறையில் தீயணைக்க ஹாலான் வாயு உண்டு. சுவாலையை அது அடக்கும், செல்லுக்குள் இருக்கும் சூட்டை அது இறக்காது. இறக்கத் தண்ணீர் வேண்டும், தண்ணீரை ஊற்ற ஓர் ஆள் வேண்டும். கீழே ஆள் கிடையாது.

இதெல்லாம் கற்பனை இல்லை. 2010 செப்டம்பர் 3ஆம் தேதி துபாயில் விழுந்த யுபிஎஸ் சரக்கு விமானத்தில் லித்தியம் பேட்டரி மூட்டைகள் இருந்தன, விமானிகள் இருவரும் இறந்தார்கள். அதற்கும் முன்னால், 1996 மே 11ஆம் தேதி ஃபுளோரிடாவில் வால்யூஜெட் விமானம், சரக்கறையில் ஏற்றக்கூடாத ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள், 110 பேர். பேட்டரி இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்: கை எட்டாத இடத்தில் நெருப்பு.

ஆகவே பவர் பேங்கைக் கைப்பையில் போட்டுத் தலைக்கு மேல் தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக உட்காருங்கள்.

21 நவம்பர் 2024, கொஞ்ச நேரம் கழித்து

என் வீட்டுக்காரி மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கேட்டாள்: “அப்போ சூடமும் கையில் கொண்டுபோகலாமே, எரிந்தால் தண்ணீர் ஊற்றலாமே?” பதில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. பேட்டரி இல்லாமல் இந்தக் காலத்தில் யாரும் பயணம் போவதில்லை, அதனால் வேறு வழியில்லாமல் பக்கத்தில் வைத்துக்கொள்கிறோம். சூடம் இல்லாமல் போகலாம். அனுமதி என்றால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை, சகித்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

“இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்கணும்” என்றாள்.

23 டிசம்பர் 2024

பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் 21ஆம் தேதி தொடங்கிவிட்டது, இண்டிகோ, தினமும். இத்தனை வருடம் சென்னைக்குப் போகக் கோலாலம்பூரைச் சுற்றிக்கொண்டு போனோம். நேரடி விமானம் எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்த தாத்தா இதைப் பார்க்க இருந்திருக்கலாம்.

சாமியும் திட்டத்தை மாற்றிவிட்டார். கோலாலம்பூர் வழியாகக் கொச்சி இல்லை, நேராகச் சென்னை, அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் கொச்சி. இதனால் என் முதல் பதில் பாதி செல்லாக்காசாகிவிட்டது. சென்னையில் பெட்டியை எடுத்துச் சுங்கம் தாண்டி, உள்நாட்டுச் சோதனைக்குள் நுழைந்தால் அது இந்திய நிலையம். மந்திரி சொன்ன சலுகை அங்கே செல்லும். பினாங்கு சென்னைக்கு ஒரு சட்டம், சென்னை கொச்சிக்கு வேறு சட்டம், ஒரே தேங்காய்.

24 டிசம்பர் 2024

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், “மதக் காரியத்தில் இத்தனை சட்டம் எதற்கு, இந்துக்களுக்கு மட்டும்தான் இப்படி” என்று. ஐயா, கொப்பரைக்கு மதம் கிடையாது. ஜம்ஜம் தண்ணீருக்கும் கைப்பையில் அதே 100 மில்லிதான். வேலையைப் பாருங்கள்.

17 ஜனவரி 2025

சாமி திரும்பி வந்துவிட்டார். மகரஜோதி பார்த்தாராம். போனில் ஒரு மணி நேரம் பேசினார், இங்கே எழுத அனுமதி வாங்கிக்கொண்டேன்.

தேங்காயை அவர் கொண்டுபோகவே இல்லை! குருசாமி கேட்டாராம், “உன் அப்பா மரத்துக் காய் மலைக்குத்தான் போகணுமா? வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் ஒரு தேங்காய் உடைக்கிறோமே, அது எந்தத் தேங்காய்?” அப்பா மரத்துக் காயை நிபோங் திபால் வீட்டு வாசலில் உடைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். அம்மா ஒரு சில்லை எடுத்து மரத்தடியில் வைத்தார்களாம். இருமுடி கட்டியது சென்னையில் ஒரு கோயிலில், தேங்காயும் நெய்யும் சூடமும் அங்கேயே வாங்கி. உள்நாட்டு விமானம் ஏறும்போது சூடத்தை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, பம்பையில் புதிதாக வாங்கிச் சேர்த்தாராம்.

நான் இரண்டரை மாதம் வகுப்பு 4.1, 4.2 என்று எழுதியதை குருசாமி ஒரு கேள்வியில் தீர்த்துவிட்டார்.

ஆனாலும் பாயான் லெபாஸில் இவர் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கிறார். பவர் பேங்க். வேட்டிக்கு அடியில். “அண்ணே, நீங்க எழுதினதைப் படிச்சேன். ஆனா அது தேங்காய் இல்லையே, அதனால மனசில நிக்கல” என்கிறார்.

30 ஜனவரி 2025

நவம்பர் 21ஆம் தேதிக் குறிப்பின் கடைசி வரியைத் திருத்துகிறேன். “தலைக்கு மேல் தட்டில்” என்று எழுதினேன். அழித்துவிடலாம், ஆனால் யாராவது படித்துவிட்டு அப்படியே செய்திருப்பார்கள், அதனால் அங்கேயே இருக்கட்டும், இங்கே சொல்கிறேன்: தவறு.

நேற்று முன்தினம் இரவு, 28ஆம் தேதி, கொரியாவில் பூசான் நகரத்துக் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் எரிந்தது. ஹாங்காங் கிளம்ப வேண்டிய ஏ321. தரையிலேயே நின்றதால் 170க்கும் மேற்பட்டவர்கள் சறுக்குப்பாதையில் இறங்கித் தப்பினார்கள். மேல்கூரை முழுக்க எரிந்துபோன படத்தைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம், தலைக்கு மேல் தட்டிலிருந்து புகை வந்தது என்கிறார்கள். காரணம் விசாரணையில் இருக்கிறது.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும், எனக்கு உறைத்தது வேறு. “கை எட்டாத இடத்தில் நெருப்பு” என்று நானே எழுதிவிட்டு, அடுத்த பத்தியில் மூடியிட்ட தட்டுக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பத்துப் பேர் பை அதன்மேல் அமுங்கிக் கிடக்கும். புகை வெளியே தெரியும்போது எந்தப் பை என்று தேட வேண்டும். கையில் என்றால் கையில், அதாவது பார்வையில்.

12 பிப்ரவரி 2025

நேற்றுத் தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் படியேறி இறங்கின கால் இன்னும் என் காலில்லை. முந்தைய நாள் ரதத்துக்கு ரோடு முழுக்கத் தேங்காய் உடைத்த ஊர் இது. இந்த இழை தேங்காயில் தொடங்கியதில் ஆச்சரியமில்லை.

ஈப்போவிலிருந்து கேள்வி: வெளியூர்க் கோயிலில் அலகு குத்திக்கொள்ள வேலும் ஊசியும் கைப்பையில் வைக்கலாமா. கூர்மையானது எதுவும் கையில் கூடாது, செக்-இன் பெட்டிதான். முனைக்கு ரப்பர் மூடியோ தடித்த அட்டையோ சுற்றுங்கள், பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் கையைக் கிழிக்கக்கூடாது. அருவாமனைக்கும் இதேதான். அம்மிக் குழவியைக் கைப்பையில் வைத்த ஒரு பெரியம்மாவை நான் அறிவேன். “இதில் முனை எங்கே?” என்று கேட்டார். முனை வேண்டாம் பெரியம்மா, தலையில் போட்டால் போதும்.

16 மார்ச் 2025

பூசான் விமானத்தைப் பற்றிக் கொரியாவின் இடைக்கால அறிக்கை வந்துவிட்டது. பவர் பேங்க் ஒன்றின் உள்ளே மின்காப்பு சிதைந்து தீ தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். கொரிய விமானங்களில் மார்ச் 1 முதலே மேல்தட்டில் பவர் பேங்க் வைக்கத் தடை.

2 ஏப்ரல் 2025

நேற்று முதல் நம் ஊரிலும். மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஏசியா இரண்டிலும் பவர் பேங்கை மேல்தட்டில் வைக்கக்கூடாது, பயணத்தில் அதிலிருந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றவும் கூடாது. காலுக்கடியில் உள்ள பையிலோ உங்கள்மேலோ இருக்கட்டும்.

“அப்போ எதுக்குத்தான் கொண்டுபோறது?” என்று நிபோங் திபால் தம்பி கேட்கிறார். மாலை கழற்றிவிட்டார், மறுபடி தம்பி. இறங்கின பிறகு போனில் கிராப் வாடகைக் கார் கூப்பிட, வேறெதற்கு.

நான் என் பழைய பவர் பேங்கை எடுத்துப் பார்த்தேன். எட்டு வருடச் சாமான். எழுத்தெல்லாம் தேய்ந்து அளவு தெரியவில்லை, நடுவில் லேசாக உப்பியிருக்கிறது. தொழிற்சாலையில் உப்பிய செல்லைக் கண்டால் உடனே தனியாகக் கொண்டுபோய் வைக்கிறவன், வீட்டில் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கியிருக்கிறேன். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டேன். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் அங்கே பற்றும்.

14 ஜூன் 2025

டுரியான் பழக் காலம் வந்தால் கேள்வியும் வந்துவிடும். பினாங்கு பாலிக் பூலாவ் டுரியானைச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா? அது எரியாது, வெடிக்காது, எந்த ஆபத்து வகுப்பிலும் இல்லை. ஆனாலும் பல விமான நிறுவனங்கள் ஏற்றாது, நாற்றம்தான் காரணம். 2018 நவம்பரில் இந்தோனேசியாவில் பெங்குளுவிலிருந்து கிளம்பவிருந்த விமானத்தில் சரக்காக இரண்டு டன் டுரியான் ஏற்றியிருந்தார்கள், பயணிகள் ஏறமாட்டோம் என்று சண்டை போட்டு எல்லாவற்றையும் இறக்க வைத்தார்கள். எனக்கு அந்தப் பயணிகள்மேல்தான் கோபம். இரண்டு டன் டுரியானோடு பறக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

அதே நாளில் இன்னொன்று: மருமகள் மெல்பர்ன் போகிறாள், கோயில் விபூதி ஒரு பெரிய டப்பா கைப்பையில். ஆஸ்திரேலியா போகும் விமானங்களில் உப்பு, மணல், டால்கம் மாதிரியான கனிமத் தூள் ஆளுக்கு 350 மில்லி அளவுதான் கையில், 2018 முதல். சாம்பலும் அந்தப் பக்கம்தான் நிற்கும். மிச்சத்தைப் பெட்டியில் போடச் சொன்னேன். இறங்கியதும் அங்கே பயணிகள் வருகை அட்டையில் அறிவித்துவிடு, கறிவேப்பிலை எடுத்துக்கொண்டு போகாதே என்றும் சொன்னேன்.

சிங்கப்பூர் போகிறவர்கள் கசகசாவை விட்டுவிட்டுப் போங்கள். நமக்குக் குருமா மசாலா, அங்கே போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். துபாயிலும் அப்படியே.

5 ஜூலை 2025

அடுத்த வாரம் திருச்சி, மச்சான் வீட்டில் கல்யாணம். பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன். உள்பக்கம், ஜிப் வைத்த ஓரப் பையில் கையை விட்டேன். வீட்டுக்காரி எப்போதும் கொண்டை ஊசி வைக்கிற இடம் அது.

சின்னதாக ஒரு பிளாஸ்டிக் உறை வந்தது. மேலே அம்மன் படம். சமயபுரத்தில் அர்ச்சனைத் தட்டோடு கொடுப்பார்களே, அது. கடைசியாகச் சமயபுரம் போனது 2022இல். அதற்குப் பிறகு இந்தப் பெட்டி இரண்டு முறை ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறது, இரண்டு முறையும் சரக்கறையில்.

உறையைப் பிரித்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. மூக்கருகில் கொண்டுபோனால் வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது.

நவம்பர் 5ஆம் தேதி, “ஒரு சூடக்கட்டிகூட என் பெட்டியில் ஏறியதில்லை” என்று எழுதியிருந்தேன். அந்த வரியை நீங்களே அடித்துக்கொள்ளுங்கள்.